எந்த மென்பொருள் என்று கேட்கும் முன்

எரிசக்தித் திட்டமிடலில் முதுகலை சேரப்போவதாகவும், ஒரு நாட்டின் எரிசக்தித் தேவையையும் வழங்கலையும் கணிக்கும் மென்பொருள்களில் லீப் கற்பதா, டைம்ஸ் கற்பதா, எதற்கு வேலை கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எந்த நாட்டின் எந்தச் சிக்கலுக்கு விடை தேடப்போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வளர்ந்த பெரிய கணினி மாதிரிகள் பலவும் தொழில்வள நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டைம்ஸின் முன்னோடியான மார்க்கல் அவற்றில் ஒன்று. எரிபொருள் என்றால் விலை உண்டு, ரசீது உண்டு, கேட்ட மின்சாரம் கிடைத்துவிடும் என்பது அவற்றின் அடிப்படை எண்ணம். வளரும் நாடுகளில் காட்டில் பொறுக்கிய விறகுக்கு யார் ரசீது தருவார்கள்? மின்கம்பி எட்டாத ஊரின் நுகர்வு ஏட்டில் பூஜ்யம். நாளுக்கு ஆறு மணி நேரம் மின்வெட்டு இருந்தால், மீட்டர் காட்டுவது கிடைத்ததை மட்டுமே. மக்களுக்கு வேண்டியது அதில் பதிவாகாது. இந்தப் பழைய நுகர்வை அப்படியே நீட்டி அடுத்த இருபது ஆண்டுகளைக் கணித்தால், தட்டுப்பாட்டையே தேவை என்று எழுதிவைத்துவிடுவீர்கள். நல்ல கணினி அறிவுள்ள மாணவர்களும் சறுக்குவது இங்கேதான்.

ஆகவே முதலில் லீப். ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனம் உருவாக்கியது, மாணவர்களுக்கு இலவசம். சமையல், விளக்கு, பாசனம் என்று பயன்பாடு வாரியாகத் தேவையைக் கட்டலாம். விறகுக்கும் இடம் உண்டு. குறைந்த தரவோடு தொடங்கலாம். அடுத்து, குறைந்த செலவில் எந்த மின்நிலையம் என்று தேட ஓசிமோசிஸ். திறந்த மூல நிரல் என்பதால் உள்ளே நடப்பதை வரி வரியாகப் படிக்கலாம். ஓர் ஊருக்குக் கம்பி இழுப்பதா, சிறு மின்தொகுப்பா, கூரைச் சூரியத்தகடா என்ற கேள்விக்கு ஆன்செட். அதற்குப் புவியியல் தகவல் முறைமை தெரிந்திருக்க வேண்டும். டைம்ஸ் வலுவானதுதான். ஆனால் தரவுப் பசி அதிகம்; ஓட்டுவதற்கு கேம்ஸ் மென்பொருளும் வேண்டும். அது இப்போதைக்கு இருக்கட்டும்.

வேலை? அமைச்சகங்களின் திட்டப் பிரிவுகள், மின் நிறுவனங்கள், வளர்ச்சி வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள், ஆய்வு மையங்கள். இடங்கள் குறைவு; அவற்றிலும் பல, திட்டம் முடியும்வரை மட்டும் நீடிக்கும் ஒப்பந்தங்கள். இதை உங்கள் பெற்றோரிடம் மறைக்காதீர்கள். பைத்தான் நிரல்மொழியும் புள்ளியியலும் கைவசம் இருந்தால் வேறு துறைக்கும் வழி திறந்திருக்கும்.

சேருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாட்டின் எரிசக்தி வரவையும் செலவையும் காட்டும், ஐக்கிய நாடுகள் வெளியிடும் எரிசக்திச் சமநிலை அட்டவணைகளிலிருந்து ஏதாவது ஒரு வளரும் நாட்டுடையதை எடுங்கள். விறகுக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள். அது அளந்ததா, மதிப்பிட்டதா, யார் எப்படி மதிப்பிட்டார்கள் என்று தேடி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அந்தத் தேடல் உங்களுக்குச் சலித்ததா, பிடித்ததா என்பதையும் கூடவே எழுதுங்கள்.