ஓசூர் எல்லையைப் பணிக்கர் போட்டாரா?

பாகலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாத்தா வாங்கிய நிலத்தின் வடக்கு வரப்பைத் தாண்டினால் கர்நாடகா. அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு, "1956-ல் பணிக்கர்னு ஒரு தூதர் எல்லை போட்டப்பவே இது எங்க பக்கம் வந்திடுச்சு" என்கிறாராம். எங்கே போய்ச் சரிபார்ப்பது?

ஆள் உண்மைதான், கதைதான் தப்பு. சீனாவிலும் எகிப்திலும் இந்தியத் தூதராக இருந்த கே.எம்.பணிக்கர், 1953 கடைசியில் பசல் அலி தலைமையில் அமைந்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் ஓர் உறுப்பினர். குன்ஸ்ரு இன்னொருவர். ஆனால் அந்த ஆணையம் பொதுவாக மாவட்டத்தை ஒரு முழு அலகாக வைத்துத்தான் யோசித்தது, வரப்பு வரைக்கும் இறங்கவில்லை. பணிக்கரோ உத்தரப் பிரதேசம் அளவுக்கு மீறிப் பெரிது, அதைப் பிரிக்க வேண்டும் என்று தனிக்குறிப்பே எழுதிவைத்தவர். அவருக்கு உங்கள் சர்வே எண் எங்கே கண்ணில் படப்போகிறது? மறுசீரமைப்பு நடைமுறைக்கு வந்த 1956 நவம்பர் 1 அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்கு (இன்றைய கர்நாடகா) போனது, ஓசூர் தாலுகா சேலம் மாவட்டத்திலேயே இருந்தது.

உங்கள் பக்கத்துக் கோட்டின் அடிப்படை அதைவிட ரொம்பப் பழசு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. ஓசூர் மேட்டுநிலம் வந்தது 1799-ல், திப்பு இறந்த பிறகு. அப்போது மைசூரைப் பங்கிட உட்கார்ந்த ஆணையத்துக்குச் செயலாளர்கள் இருவர்: பாராமகாலில் ஏழு வருடம் வரிக்கணக்கு பார்த்திருந்த தாமஸ் மன்றோவும், பிறகு பாரசீகத்துக்குத் தூது போன ஜான் மால்கமும். ஒரு தூதர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் மால்கமைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆந்திர எல்லை வேறு கதை. அங்கே மத்தியஸ்தராக இருந்த படாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்துப் பிரித்தார், 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நமக்கு வந்தபோது கிருஷ்ணகிரி தாலுகாவிலிருந்து சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. உங்கள் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. தாத்தாவின் பத்திரத்தில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் பதறாதீர்கள், தருமபுரி மாவட்டம் 1965-ல்தான் பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-ல். பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணை வைத்து பட்டா, 'அ' பதிவேடு (கிராம நிலங்களின் சர்வே எண்வாரிக் கணக்கு), புலப்படம் (உங்கள் சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுங்கள். கிராம வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் வடக்கு வரப்பு கிராம எல்லையாகவும் இருந்தால் அதுதான் மாநில எல்லையும். அப்புறம் தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனு கொடுங்கள். நம் சர்வேயர் எதிர்ப்பக்கத்து நிலத்துக்குள் போய் அளக்க முடியாது, அதனால் இரு மாநில சர்வேயர்களும் சேர்ந்து அளக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள், எதிராளியின் பஹணி (கர்நாடக நிலப் பதிவு) நகல் கிடைத்தால் அதையும் இணையுங்கள். மாநில எல்லையை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும், வரப்பை வெட்டிப் போட்டால் அது மாறிவிடாது. அளவை முடியும்வரை அங்கே வேலி போடாதீர்கள், பழைய எல்லைக் கல் ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அதை யாரும் அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.