காங்கேசன்துறைத் துறைமுகம் பெரிதானால் அதன் பாதிப்பை நம் உள்ளூராட்சி சபைகளால் கட்டுப்படுத்த முடியுமா?

நீங்கள், யாழ்ப்பாணத்தின் வட கரையில் காங்கேசன்துறை அமைந்திருக்கும் வலிகாமம் வடக்கில் காணி உள்ளவராக இருக்கக்கூடும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன். இன்றுள்ள அதிகாரத்தை வைத்துக்கொண்டு சபைகளால் முடியாது என்பதே என் பதில்.

1990இல் இடம்பெயர்ந்த எங்கள் குடும்பம், பின்னர் சென்னை இராயபுரத்தில் துறைமுகத்துக்கு அருகே பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்தது. அம்மா தூள் இடிப்பதற்காகச் செத்தல் மிளகாயை மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயவிடுவார். மாலையில் அள்ளும்போது மிளகாய் கிடந்த இடம் மட்டும் வெள்ளையாகவும், மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறமாகவும் இருக்கும். துறைமுகத்தில் ஏற்றி இறக்கிய நிலக்கரியின் தூசு அது. காய்ந்த மிளகாயைக் கழுவினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், அந்தக் கரியோடேயே இடித்துச் சாப்பிட்டோம். தம்பியின் மகன் மூச்சிழுப்பினால் இரவுகளில் உட்கார்ந்தபடியே உறங்கினான். முறையிடப் போன ஓர் அலுவலகத்தில், துறைமுகம் தங்கள் அதிகாரத்துக்குள் இல்லை என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், மதிலுக்கு வெளியே நடப்பது தங்கள் பொறுப்பல்ல என்றார்கள். கடைசியில், சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான், 2011இல் அங்கே நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவது நின்றது. அந்த நிலக்கரி சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

வளர்ச்சிக்கு எதிராகப் பேசுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைச் சம்பளத்தில்தான் தகப்பனார் எங்களை வளர்த்தார். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தபோது மனதார மகிழ்ந்தேன். என் கவலை அதிகாரத்தைப் பற்றியது. காங்கேசன்துறை யாழ்ப்பாண மாநகர சபையின் எல்லைக்குள் இல்லை, பிரதேச சபையின் பகுதி அது. துறைமுகமோ கொழும்பிலிருந்து இயங்கும் துறைமுக அதிகார சபையின் கையில் இருக்கிறது. பாரவூர்திகள் உடைக்கும் உள்வீதியும் அடைபடும் வடிகாலும் பிரதேச சபையின் தலையில் விழும், ஆனால் எந்தச் சரக்கு இறங்கலாம் என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. தூசு பறக்கும் சரக்கைத் திறந்தவெளியில் குவிக்கக்கூடாது என்பதும், துறைமுக வருமானத்தில் சபைக்கு ஒரு பங்கு உண்டு என்பதும் விரிவாக்கத்துக்கு முன்பே எழுத்தில் வர வேண்டும்.

நம் நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே சிந்துவது கிணற்றுக்குள் இறங்கிவிடும் என்பதைச் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கண்டோம். ஆகவே துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரை இப்போதே பரிசோதித்து, முடிவைச் சபைக் கூட்ட அறிக்கையில் பதியும்படி உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் கேளுங்கள். நாளை ஏதேனும் கலந்தால், தண்ணீர் முன்பு நன்றாக இருந்தது என்று காட்ட உங்கள் கையில் அந்தத் தாளாவது இருக்கும்.