டிஸெபிலிட்டி மனு மறுக்கப்பட்டால் கோர்ட் எதைப் பார்க்கும்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவரால் வேலைக்குப் போக முடியவில்லை. சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டி உதவித்தொகை கேட்டோம். அந்தத் துறையின் விசாரணை நீதிபதி மறுத்தார்; போன வாரம் அதே துறையின் மேல்முறையீட்டுக் குழுவான அப்பீல்ஸ் கவுன்சிலும் கைவிரித்துவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் இவர் படும் பாட்டை நீதிபதி நேரில் பார்ப்பாரா? புதிய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அப்பீல்ஸ் கவுன்சில் அனுப்பிய கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அது கைக்கு வந்த 60 நாட்களுக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். கடிதத் தேதியிலிருந்து 5 நாளில் வந்துசேர்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள். அந்த 5 நாளை நம்பி உட்காராதீர்கள். தபாலில் போட்ட நாள் செல்லாது, மனு கோர்ட்டில் சேர்ந்த நாள்தான் கணக்கு. அவகாசம் போதாதென்றால், கெடு முடியும் முன்பே அப்பீல்ஸ் கவுன்சிலுக்குக் காரணத்தோடு எழுதிக் கேளுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோர்ட் நீதிபதி உங்கள் கணவரைப் பார்க்க மாட்டார். சாட்சி விசாரணையும் இல்லை, ஜூரியும் இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போவதுதான் நல்லது. இவரால் வேலை செய்ய முடியுமா என்று கோர்ட் புதிதாக ஆராய்வதில்லை. மறுத்தவர் சட்டப்படி மறுத்தாரா, அதற்கு ஃபைலில் போதிய ஆதாரம் இருக்கிறதா, இவ்வளவுதான் பார்க்கும். அந்த ஆதாரம் மலைபோல் இருக்க வேண்டியதில்லை என்று 2019-இல் பீஸ்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அதனால் வலியை விவரித்துப் பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. விசாரணை நீதிபதியின் தீர்ப்பை எடுத்து, பென்சிலோடு வரிவரியாகப் படியுங்கள். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது என்று டாக்டர் எழுதியிருக்க, 6 மணி நேரம் நிற்கலாம் என்று தீர்ப்பு சொல்கிறதா? டாக்டர் சொன்னதை ஏன் ஏற்கவில்லை என்று விளக்கியிருக்கிறாரா? 2017 மார்ச் 27 முதல் போட்ட மனுக்களில், டாக்டரின் கருத்துக்கு அவருடைய பரிசோதனைகளே ஆதாரமாக நிற்கின்றனவா, மற்ற பதிவுகளோடு அது ஒத்துப்போகிறதா என்ற இரண்டையும் விசாரணை நீதிபதி விளக்கியே ஆக வேண்டும். அப்புறம், இப்படிப்பட்டவர் என்ன வேலை செய்ய முடியும் என்று விசாரணையில் சொல்லும் வேலை நிபுணரிடம் நீதிபதி கேட்ட கேள்வி. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது என்று தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, நிபுணரிடம் கேட்கும்போது கைத்தடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது பெரிய ஓட்டை. நல்ல வக்கீல் முதலில் தேடுவது இப்படிப்பட்ட இடங்களைத்தான்.

எம்.ஆர்.ஐ. விஷயம் கொஞ்சம் சிக்கல். அந்த ரிப்போர்ட் தீர்ப்புக்கு முந்தைய காலத்து நிலையைக் காட்ட வேண்டும், முடிவையே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், முன்பே கொடுக்காததற்குத் தக்க காரணமும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அதற்காகக் கோர்ட் வழக்கைத் திருப்பி அனுப்பும். பிறகு உடல்நிலை மோசமானதை மட்டும் காட்டினால் இந்த வழக்கில் உதவாது. ஆனால் கோர்ட் வழக்கு நடக்கும்போதே புதிய மனு போடலாம், அங்கே அது பயன்படும். வேலை செய்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியதால் அவருக்கு வந்த டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸ் தகுதி எந்தத் தேதி வரை என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோர்ட் கட்டணம் 405 டாலர்; வசதி இல்லையென்றால் விலக்கு கேட்டு மனு போடலாம். கோர்ட்டில் வாதாடிய வக்கீலுக்கு, ஜெயித்தால் கிடைக்கும் நிலுவை உதவித்தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் கோர்ட் அனுமதிக்க முடியாது.

ஜெயித்தாலும் பெரும்பாலும் உடனே பணம் வராது. வழக்கு மறுபடி விசாரணைக்குத் திரும்பும். உங்கள் கணவர் விசாரணை நீதிபதி முன் வாய்திறந்து பேசுவதும், அந்த எம்.ஆர்.ஐ.யைக் கொடுப்பதும் அந்த விசாரணையில்தான்.