குடிவெறியோடு இருந்தாலும் நாய்க்கடி ஊசியைத் தவறவிடலாமா?

கேள்வி: என்ரை மனுசனுக்கு 44 வயது. வயல் செய்யிறார். பக்கத்து வளவு நாய் கெண்டைக்காலிலை கடிச்சு ரத்தமும் வந்தது. அண்டைக்கே ஆஸ்பத்திரியிலை முதல் ஊசி போட்டது, மூண்டு நாளாலை ரெண்டாவது. மூண்டாவது வெள்ளிக்கிழமை எண்டு அட்டையிலை எழுதி விட்டவை. வியாழன் என்ரை தம்பியின்ரை கலியாணவீடு. அங்கை நல்லாச் சாராயம் எடுத்துப்போட்டார். வெறியோடை ஊசி போடக்கூடாது எண்டு அடுத்தநாள் போகேல்லை. தவறணையிலை ஆரோ, "நாய்க்கடி ஊசி போட்டா ஒரு மாதம் குடிக்கேலாது, குடிச்சா ஊசி வேலை செய்யாது, நரம்பு இழுக்கும்" எண்டு சொல்லியிருக்கினம். இப்ப ஒரு மாதம் குடியை நிப்பாட்டிப்போட்டு, முதலிலையிருந்து திரும்பப் போடப்போறன் எண்டு நிக்கிறார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கள்ளுக் குடிக்கிற மனுசன். ரெண்டாவது ஊசி போட்ட இரவு காய்ச்சலும் தலையிடியும் வந்து பனடோலும் போட்டவர். நான் என்ன செய்யிறது?

ஒரு வாசகி, துணுக்காய்.

பதில்: தங்கச்சி, இதை வாசிக்கிற இன்றைக்கே ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் ஊசி போட்ட வைத்தியசாலைக்கே போவது நல்லது. அது தூரமென்றால் கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குப் போகலாம். ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டாம், முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். ஒரு ஊசி பிந்திப் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் முறை. விதைத்த வயலுக்கு இடையில் தண்ணீர் மறிபட்டால் திரும்ப உழுவதில்லையே, வாய்க்காலைத் திறந்துவிடுகிறோம், அதுபோலத்தான். போட்ட இரண்டு ஊசியும் வீணாகவில்லை. மிச்ச ஊசிக்கான தேதியை அங்கே மாற்றி எழுதித் தருவார்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. விசர்நாய்க்கடிக் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளையை நோக்கி ஊர்ந்து போகிறது. பெரும்பாலானவர்களுக்கு 1 முதல் 3 மாதத்துக்குள் நோய் வெளிப்படும். சிலருக்கு அதற்கும் முந்தலாம். தண்ணீரைக் கண்டு பயப்படுகிற நிலை வந்துவிட்டால் பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. ஆகவே கிருமி மூளைக்குப் போய்ச் சேருமுன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்க வேண்டும். முதல் ஊசி போட்டு ஏறக்குறைய 7 முதல் 10 நாளில்தான் அது தலைகாட்டத் தொடங்கும். முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 30 என்று நாள் குறித்துத் தருவது அதைத் தூண்டி, உயர்த்தி, நிலைநிறுத்துவதற்காக. உங்கள் கணவர் தவறவிட்டது நடுவில் இருக்கிற, இன்றியமையாத ஊசி.

இனிக் குடி விடயம். குடித்திருப்பதை இந்த ஊசி போடக்கூடாத காரணமாக உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. உண்மையில், கடிபட்டவருக்கு இந்த ஊசியைப் போடாமல் விடுவதற்கு எந்தக் காரணத்தையும் அது ஏற்பதில்லை. கர்ப்பிணிக்கும் போடுகிறார்கள், கைக்குழந்தைக்கும் போடுகிறார்கள். வியாழன் இரவு குடித்தவருக்கு வெள்ளி காலையில் தாராளமாகப் போட்டிருக்கலாம்.

தவறணைக் கதை முழுக்க யாரோ வாயில் வந்ததைச் சொன்னதல்ல. முந்தின காலத்தில் நாய்க்கடிக்கு வயிற்றைச் சுற்றி 14 ஊசி போட்டது ஊரில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மருந்தை விலங்கின் மூளைத் திசுவிலிருந்து தயாரித்தார்கள். அபூர்வமாகச் சிலருக்கு அதனால் நரம்புப் பாதிப்பு, கைகால் வழங்காமற் போவது எல்லாம் வந்தது. அதனால்தான் ஊசி போடுகிற காலத்தில் மதுவும் கடும் வேலையும் கூடாதென்று வைத்தியர்கள் தடுத்தார்கள். இப்போது போடுவது ஆய்வுகூடத்தில் உயிர்க்கலங்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த கிருமியாலான தடுப்பூசி. மூளைத் திசு அதில் இல்லை. மருந்து மாறிவிட்டது, தடை மட்டும் வாய்வழியாக நிலைத்துவிட்டது. கொவிட் காலத்திலும் இதுபோல ஒன்று நடந்தது. 2020 டிசம்பரில் ரஷ்யாவின் சுகாதாரக் கண்காணிப்புத் தலைவர் அன்னா பொப்போவா, ஸ்புட்னிக் ஊசிக்கு முன் இரண்டு கிழமையும் பிறகு 42 நாளும் மது வேண்டாமென்றார். அந்த ஊசியை உருவாக்கிய கமலேயா நிறுவனத்தின் அலெக்சாண்டர் கின்ஸ்பர்க்கோ ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 3 நாள் தவிர்த்தால் போதுமென்றார். 42 நாள் கதைதான் நாடு நாடாகப் பரவியது. குடிக்கிறவர்களில் பலர் குடியை விடாமல் ஊசியைத்தான் விடுகிறார்கள். இப்படியான தடைகளால் வரும் கெடுதி அதுதான்.

அதற்காகக் குடி ஒன்றும் செய்யாது என்று சொல்லவில்லை. எப்போதாவது ஒரு கிளாஸ் கள்ளு எடுக்கிறவருக்கு ஊசியின் பலன் குறைவதாகச் சான்று இல்லை. ஆனால் பல வருடமாக நாள்தோறும் நிறையக் குடிக்கிறவரின் எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே மந்தமாகும். ஈரல் கெட்டவர்களுக்கு ஹெப்பரைற்றிஸ் பி ஊசி போட்டால் மற்றவர்களைப் போல் நன்றாகப் பிடிப்பதில்லை. அவர்களுக்குச் சிலவேளை கூடிய அளவு மருந்து போட்டு, பிறகு இரத்தம் சோதித்துப் பார்ப்பார்கள். அதே ஆட்களுக்குத்தான் நிமோனியாவும் கடுமையாக வருகிறது. ஆகவே நிறையக் குடிக்கிறவருக்கு ஊசி மற்றவரை விடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. ஈரல் வருத்தம், வயிறு வீக்கம், மஞ்சட்காமாலை, முரசில் இரத்தம் வடிவது போன்றவை அவருக்கு இருந்தால் ஊசி போடுமுன் மறைக்காமல் சொல்லுங்கள். ஈரல் கெட்டால் இரத்தம் உறைவதும் பிந்தும். தசைக்குள் ஊசி போட்டால் அந்த இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நாள்தோறும் குடித்துப் பழகாதவரென்றால், ஊசிக்கு முதல்நாளும் அடுத்த இரண்டு நாளும் குடிக்காமல் இருப்பது நல்லது என்றுதான் நாங்களும் சொல்வோம். ஊசி கெட்டுவிடும் என்ற பயத்தால் அல்ல. ஊசியால் வருகிற தலையிடி, உடம்பு நோ, ஓங்காளம், களைப்பு எல்லாம் வெறி முறிகிறபோதும் வரும். இரண்டும் சேர்ந்தால் எது எதனால் என்று வைத்தியருக்கே பிரித்தறிவது கடினம். மதுவால் கூடுதலாகச் சிறுநீர் போய் உடம்பு வறண்டுவிடும். வன்னி வெயிலில் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று ஊசி போடுகிறவர் மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். காலையில் ஏதாவது சாப்பிட்டு, இரண்டு மூன்று கோப்பை தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும்.

குடித்தது உடம்பை விட்டுப் போக எவ்வளவு நேரம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கால்போத்தல் சாராயம், அதாவது 180 மில்லிலீற்றர், ஏறக்குறைய 50 கிராம் தனி மதுசாரம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு 9 மணிக்குக் கால்போத்தலோடு நிறுத்தியவருக்கு விடிய 2 முதல் 4 மணிக்குள் அது தீரும். அரைப்போத்தலை 11 மணிக்கு முடித்தவருக்கு அடுத்தநாள் 9 மணிக்கும் முழுதாகத் தீர்ந்திராது, மத்தியானமும் ஆகலாம். புளித்த கள்ளு ஒரு போத்தலில் ஏறத்தாழ 30 கிராம் இருக்கும், ஆனால் இரண்டு மூன்று போத்தல் என்று போனால் சாராயத்தைத் தாண்டிவிடும். கசிப்பின் கடுமை போத்தலுக்குப் போத்தல் மாறுவதால் அதற்குக் கணக்கே சொல்ல முடியாது. தேசிக்காயோ மோரோ கோப்பியோ இந்த நேரத்தைக் குறைக்காது. தீரவில்லையென்றாலும் போகத்தான் வேண்டும். அவர் மோட்டார் சைக்கிளை ஓடாமல் வேறு ஆள் கூட்டிப் போகட்டும். வெறியோடு இருக்கிறவர் ஒவ்வாமை, மருந்து விபரங்களைச் சரியாகச் சொல்லமாட்டார் என்பதால் நீங்களும் கூடப் போங்கள். மணம் வந்தால் தாதி ஏசுவாரே என்று கூச்சப்பட்டு நிற்கவேண்டாம். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

தோலுக்குள் போடுகிற முறையென்றால் இரண்டு மேற்கையிலும் 0.1 மில்லிலீற்றர் வீதம் போடுவார்கள், சின்னக் குமிழ் எழும்பும். அதைத் தேய்க்கவோ மசாஜ் பண்ணவோ கூடாது. போட்டதும் 15 நிமிடமாவது அங்கேயே இருக்க வேண்டும். முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்தவரென்றால் 30 நிமிடம். குடித்தவரைக் கதிரையில் சாய்த்து இருத்துங்கள். தலைசுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள்.

இரண்டாவது ஊசி இரவு வந்த காய்ச்சல் ஊசியாலும் வந்திருக்கலாம், வழமையாக ஒன்றிரண்டு நாளில் அடங்கும். ஆனால் பனடோல் விடயத்தில் கவனம் தேவை. வளர்ந்த ஆளுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தரத்துக்கு 2, ஆறு மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் இல்லை என்பது பொது அளவு. நாள்தோறும் குடிக்கிறவருக்கு, சாப்பிடாமல் குடிக்கிறவருக்கு அந்த அளவே ஈரலைக் கெடுக்கக்கூடும். மது அந்த மருந்தை நச்சாக மாற்றும் வேலையைக் கூட்டி, நச்சை முறிக்கும் பொருளைக் குறைத்துவிடும். இப்படியானவருக்கு நாளுக்கு 4 குளிசைக்கு மேல் கொடுக்காதீர்கள், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. உடம்பு நோவுக்கென்று டைகுளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் எதையும் கடையில் வாங்கிக் கொடுக்கவேண்டாம். குடியோடு அவை வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். டெங்குக் காய்ச்சலென்றால் இன்னும் ஆபத்து. மழை காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் ஊசிக் காய்ச்சல் என்று இருந்துவிடாமல் இரத்தம் சோதியுங்கள்.

ஊசியோடு சேர்த்து வைத்தியசாலை தந்த குளிசைகளையும் எடுத்துப் பாருங்கள். குடிக்கக் கூடாது என்ற கண்டிப்பு பலவேளை அவற்றுக்குத்தான் உரியது. காயத்துக்கு மெற்றோனிடசோல் தந்திருந்தால், அது தீர்ந்து 3 நாள் வரை மது எடுக்கவேண்டாமென்று மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி எடுக்கும். கடிக்குச் சீரம் எனும் எதிர்ப்பு மருந்து போட்டவர்களுக்கும் சொறிக்கும் தருகிற பிரிற்றன் (Piriton) குளிசை குடியோடு சேர்ந்தால் தூக்கம் கண்ணை மறைக்கும், உழவு இயந்திரம் பக்கம் போகவே கூடாது. அவர் நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவரென்றால், சாப்பிடாமல் குடித்துப் படுத்தால் இரவில் சீனி இறங்கி மயங்கலாம். ஏற்பூசியும் அண்டைக்கே போட்டிருப்பார்கள். அதற்கும் குடிக்கும் தனித் தடை ஒன்றுமில்லை.

எங்களுக்குக் கவலை தருகிற இன்னொன்று, ஒரு மாதம் குடியை நிப்பாட்டப்போகிறேன் என்று அவர் சொல்வது. நோக்கம் நல்லது. ஆனால் வருடக்கணக்காக நாள்தோறும் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலம் கழியக் கை நடுக்கம், வியர்வை, பதகளிப்பு தொடங்கலாம். 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலர் இல்லாததைக் கண்டு பிதற்றுவார்கள். அது உயிரை எடுக்கக்கூடிய நிலை. அதை நாய்க்கடி விசர் என்றும், ஊசி ஏறிவிட்டது என்றும் சனம் தவறாக நினைக்கும். காலையில் எழும்பினதும் அவருக்குக் கை நடுங்குமா, ஒரு வாய் குடித்தால்தான் அடங்குமா என்று பாருங்கள். அப்படியென்றால் தானாக ஒரேயடியாய் விடவிடாமல், ஊசிக்குப் போகிறபோதே வைத்தியரிடம் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் விற்றமின் பி1 கொடுத்து, நடுக்கத்துக்கு மருந்து அளந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்த உதவுவார்கள். வீட்டில் நித்திரைக் குளிசை கொடுத்துப் பார்க்கவேண்டாம். வலிப்போ பிதற்றலோ வந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

அந்தப் பக்கத்து வளவு நாய் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதை அடித்துக் கொல்லவிடாமல் 14 நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது நல்ல சுகமாகவே இருந்து, முறையாக ஊசியும் போட்ட நாயென்றால் மிச்ச ஊசி தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். நீங்களாகவோ அவராகவோ தீர்மானிக்கவேண்டாம். அதற்குள் நாய் செத்தாலோ, காணாமற் போனாலோ, குரல் மாறி வீணி வடித்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்கும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். செத்த நாயைப் புதைக்குமுன் அவரிடம் கேளுங்கள். தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.