மூன்று வருடம் ஆகியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வெளிநாட்டு வேலைக்கு வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. வந்த புதிதில் எல்லாமே பிடித்திருந்தது. ஆறு மாதத்தில் எல்லாமே கசந்தது. புதிதாக வருபவர்களுக்கு அலுவலகத்தில் நடத்திய பயிற்சியில் ஒரு வளைகோடு வரைந்து காட்டினார்கள். முதலில் உற்சாகம், அப்புறம் ஒரு பள்ளம், ஒன்றரை வருடத்தில் தானாக மேலே ஏறிவிடும் என்றார்கள். நான் இன்னும் ஏறவில்லை. ஒரு நாள் நன்றாக இருக்கிறது. மறுநாள் புரியாத கடிதம் ஒன்று வந்தாலோ, யாராவது முகம் சுளித்தாலோ, மூட்டை கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. இங்குள்ளவர்கள் யாரோடும் ஒட்டுவதில்லை. அலுவலகத்துக்கு ஆங்கிலம் போதும் என்பதால் இந்த ஊர் மொழியை நான் படிக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரிடமோ மருத்துவரிடமோ போனால் எட்டு வயது மகள் பேசிச் சமாளித்துவிடுவாள். மனைவி மாலையில் மொழி வகுப்புக்குப் போகிறாள், அவளுக்கு இந்த ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது. என் வயது நண்பர்கள் ஊரில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். என்னிடம்தான் ஏதாவது கோளாறா? இருக்கலாமா, திரும்பிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நண்பர்கள் வீடு கட்டியதை விடுங்கள், அவரவர் கணக்கு அவரவருக்கு. அங்குள்ளவர்கள் ஒட்டுவதில்லை என்பதற்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. அவர்கள் பேசுவது ஒரு வார்த்தை புரியாமல் அவர்கள் மனசு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வளைகோட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். கொஞ்ச நாளாகவே அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் கோட்டின் மூலம், 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களிடம் அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டார்கள். 6 மாதத்துக்குள் தங்கியவர்கள் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். 6 முதல் 18 மாதம் வரை தங்கியவர்கள் அவ்வளவாகப் பொருந்தவில்லை. அதற்கும் மேல் தங்கியவர்கள் மறுபடி நன்றாக இருந்தார்கள். இதை வைத்துத்தான் இறங்கி ஏறும் கோடு வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஆளை வந்த நாளிலிருந்து கூடவே இருந்து பார்த்து வரைந்த கோடு இல்லை இது. வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு ஆட்களை வரிசையாக நிறுத்தியதில் கிடைத்தது. நீண்ட நாள் தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றால், நாள் ஆக ஆக மனசு தேறியது என்றும் சொல்லலாம், ஒத்துப்போனவர்கள்தான் நீண்ட நாள் தங்கினார்கள் என்றும் சொல்லலாம்.

ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தவர்களும் உண்டு. காலீன் வார்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை, வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கி ஒரு வருடம் வரை விடாமல் விசாரித்தார்கள். தடுமாற்றம் மிக அதிகமாக இருந்தது வந்திறங்கியபோதுதான். முதலில் வரும் உற்சாகத்தைத் தேனிலவுக் காலம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்களே, அதை அங்கே காணோம்.

ஆகவே, கோடு ஏறவில்லையே, நம்மிடம் ஏதோ கோளாறு என்று நீங்கள் குமைய வேண்டியதே இல்லை. என் கோபம் வேறு. அந்தக் கோடு உங்களைக் காத்திருக்க வைத்துவிட்டது. ஒன்றரை வருடத்தில் தானாக ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பி மூன்று வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டீர்கள், தம்பி. அதே வீட்டில், அதே மூன்று வருடத்தில், உங்கள் மனைவி வகுப்புக்குப் போனார். அவருக்கு ஊர் ஒத்துக்கொண்டது என்று எழுதுகிறீர்கள். வேலை முடித்துக் களைத்து வந்து, குளிரிலும் மழையிலும் கிளம்பிப் போய், தப்புத் தப்பாகப் பேசி, திருத்தப்பட்டு, மறுநாளும் போய் உட்கார்ந்தாரே, அந்த உழைப்பெல்லாம் உங்கள் கண்ணில் படவேயில்லையா?

நாங்கள் வெளிநாட்டில் இருந்தபோது, போன புதிதில், ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி. கணவர் வேலைக்குப் போயிருந்தார். கட்டடத்தின் வாசலில் மூன்று நாளாக ஒரு தாள் ஒட்டியிருந்தது, தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன். தண்ணீர் நிறுத்தப்படும் தேதியும் நேரமும் அதில் இருந்ததாம். மற்ற வீடுகளில் எல்லாம் முந்தின இரவே பிடித்து வைத்துவிட்டார்கள். மதியம்போல எதிர்வீட்டு முதியவர் கதவைத் தட்டினார். இரண்டு கைகளிலும் தண்ணீர் நிரம்பிய வாளிகள். அதுவரை படிக்கட்டில் என்னைப் பார்த்தால் தலையைக்கூட அசைக்காதவர். வாளிகளை வைத்துவிட்டு, வா என்று கையைக் காட்டி, குழந்தையோடு என்னைக் கீழே கூட்டிப்போய், அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாசித்துக் காட்டினார். தண்ணீர், காலை, மாலை. குழாயைத் திருகுவதுபோல் கையால் செய்து காட்டினார். அந்த மொழியில் நான் முதலில் படித்தது அந்த அறிவிப்பைத்தான். அப்புறம் வாசலில் எந்தத் தாள் ஒட்டினாலும் அவர் என்னை நிறுத்தி வாசிக்கச் சொல்வார். தப்பாக வாசித்தால் சத்தமாகத் திருத்துவார். வகுப்பில் சேர எனக்குத் தைரியம் வந்தது அவரால்தான்.

இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். “மகள் பேசிச் சமாளித்துவிடுவாள்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. எட்டு வயதுப் பெண்ணை வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகை பேச நிறுத்துகிறீர்கள். அவர் கோபமாகச் சொல்வது முதலில் அவள் காதில்தான் விழுகிறது. அப்பாவுக்கு அதை எப்படி வலிக்காமல் சொல்வது என்று அந்தக் குழந்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவரிடம் போகிறீர்கள். உங்கள் ரத்த அறிக்கையில் ஏதாவது இருந்தால் அதையும் முதலில் கேட்கப்போவது அவள்தான். பாதி புரியும், புரியாத பாதியை அவளாக ஏதோ சொல்லி நிரப்புவாள். மருந்தின் அளவு அதில் மாறிப்போனால் என்ன செய்வீர்கள்? மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பல நாடுகளில் ஏற்பாடு செய்து தருவார்கள். கேட்டதே இல்லை, இல்லையா? கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். கெட்டிக்காரி என்று பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவள் வந்து சொல்ல வேண்டிய அப்பாவுக்கு, ஊர் நடப்பை அவளே விளக்கிச் சொல்லும்படி ஆகிவிட்டது.

புது நாட்டில் வரும் இந்தத் தடுமாற்றத்தைக் கலாசார அதிர்ச்சி என்ற பெயரில் பரவலாக அறியச் செய்த கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர், 1960இல் அச்சான கட்டுரையில் அதன் அறிகுறிகளை அடுக்குகிறார். சின்னத் தாமதத்துக்கெல்லாம் வெடிப்பது, ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம், சொந்த நாட்டுக்காரர்களையே சார்ந்திருக்கத் தவிப்பது, அப்புறம், அந்த நாட்டு மொழியைக் கற்பதைத் தள்ளிப்போடுவது. ஆங்கிலமே போதும் என்று நீங்கள் மொழியைத் தள்ளிப்போடுகிறீர்களே, அப்படித் தள்ளிப்போடுவதே நோயின் ஓர் அங்கம் என்று அவர் பார்த்தார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

மொழி வந்துவிட்டால் மோசமான நாட்களே வராது என்று சொல்ல மாட்டேன். வரும். பண்டிகை நாளில் வரும், ஊரிலிருந்து நள்ளிரவில் போன் வந்தால் வரும். ஆனால் புரியாத ஒரு கடிதம் உங்கள் நாளையே கவிழ்த்துவிடாது. எது உண்மையான துக்கம், எது வெறும் படிவம் என்றாவது பிரித்துப் பார்க்க முடியும்.

இருப்பதா திரும்புவதா என்று கேட்டிருந்தீர்கள். ஊர் திரும்பியவர்களுக்கும் இதே போன்ற இறக்கம் வருகிறது என்று கல்லாஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி 1963இல் எழுதி, அந்தக் கோட்டில் இன்னொரு பள்ளத்தைச் சேர்த்தார்கள். அதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள். முடிவை இப்போது எடுக்காதீர்கள். மனைவி போகும் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். அடுத்த கடிதம் வந்தால் அகராதியை வைத்துக்கொண்டு நீங்களே முதலில் படியுங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா