ரிஃப் கணக்கிலிருந்து எப்போது, எவ்வளவு எடுப்பது?

கனடாவில் ஓய்வுக்காலத்துக்காகச் சேமிக்கும் கணக்கு ஆர்.ஆர்.எஸ்.பி. (RRSP). பிறகு அந்தப் பணத்தை வருடாவருடம் எடுப்பதற்காக அதை மாற்றும் கணக்கு ரிஃப் (RRIF). இவை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இதோ.

"இந்த வருடம் எனக்கு 71. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இரண்டு லட்சம் டொலர் இருக்கிறது. உடனே எடுக்கத் தொடங்க வேண்டுமா?" (ஸ்காபரோ)

தேவையில்லை. டிசம்பர் 31க்குள் ரிஃப் கணக்காக மாற்றினால் போதும். மாற்றுவதற்கு வரி கிடையாது. முதலீடுகளை விற்கவும் வேண்டாம். கட்டாயமாக எடுக்க வேண்டியது அடுத்த வருடத்திலிருந்துதான். ஜனவரி 1 அன்று உங்கள் வயது என்ன, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிடுவார்கள். 71 வயதுக்கு 5.28 வீதம், அதாவது 10,560 டொலர். 80இல் 6.82 வீதம். 95இலிருந்து 20 வீதம்.

உங்கள் மனைவி வயதில் இளையவரா? அப்படியானால் அவருடைய வயதை வைத்துக் கணக்கிடச் சொல்லலாம். ஜனவரி 1 அன்று அவருக்கு 63 என்றால், 90இல் 63 போக மீதி 27. இரண்டு லட்சத்தை 27ஆல் வகுத்தால் 7,407 டொலர். முதல் தொகையை எடுத்துவிட்டால் பிறகு இதை மாற்ற முடியாது. அதனால் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

"வங்கி வரியே பிடிக்கவில்லை. ஏப்ரலில் பெரிய தொகை கட்டச் சொல்கிறார்கள். ஏன்?" (பிரம்டன்)

குறைந்தபட்சத் தொகைக்கு வங்கி வரி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதுவும் வருமானம்தான். அதற்கு மேல் எடுத்தால்தான் பிடிப்பார்கள்: ஒன்ராறியோவில் மேலதிகத் தொகை 5,000 வரை 10 வீதம், 15,000 வரை 20, அதற்கு மேல் 30. விரும்பினால் குறைந்தபட்சத் தொகையிலிருந்தும் பிடிக்கச் சொல்லலாம்; ஏப்ரல் அதிர்ச்சி இருக்காது. அப்புறம், 65 தாண்டியவர்கள் ரிஃப் வருமானத்தில் பாதி வரை துணைவர் பெயரில் காட்டலாம். இருவரில் ஒருவருக்கு வருமானம் குறைவென்றால் நல்ல மிச்சம்.

"எனக்கு 61. தனியாக இருக்கிறேன், வேலையை விட்டாயிற்று, வேறு வருமானம் இல்லை. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் 24,000 டொலர். 71 வரை தொடாமல் வைத்திருக்கவா?" (ஏஜக்ஸ்)

தயவுசெய்து வைத்திருக்காதீர்கள். 65க்குப் பிறகு உங்களுக்கு ஜி.ஐ.எஸ். (GIS), அதாவது வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவித்தொகை, கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்போது இதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஜி.ஐ.எஸ்.இல் ஏறக்குறைய 50 சதம் குறைப்பார்கள். மிகக் குறைந்த வருமானக்காரருக்கு வெட்டு இன்னும் கூடலாம். வசதி இல்லாதவர்தான் இங்கே அதிகம் இழக்கிறார் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இந்த வருடம் 12,000, அடுத்த வருடம் 12,000 என்று எடுங்கள். வங்கி 20 வீதம், 2,400 டொலர், பிடித்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், வேறு வருமானம் இல்லாததால் வரித் தாக்கல் செய்ததும் அது திரும்பி வரும். செலவுக்குப் போக மீதியை ரி.எஃப்.எஸ்.ஏ. (TFSA) என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அதிலிருந்து பிறகு எவ்வளவு எடுத்தாலும் ஜி.ஐ.எஸ். குறையாது. 64 வயதாகும் வருடத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

"பணம் தேவையில்லை, சந்தையும் விழுந்து கிடக்கிறது. பங்குகளை விற்றுத்தான் ஆக வேண்டுமா?" (மார்க்கம்)

இல்லை. பங்குகளை அப்படியே ரி.எஃப்.எஸ்.ஏ.க்கோ சாதாரண முதலீட்டுக் கணக்கிற்கோ மாற்றலாம். மாற்றும் நாளில் உள்ள விலை உங்கள் வருமானமாகச் சேரும். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் உங்களுக்கு அனுமதித்த வரம்பில் இன்னும் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.