ஹாலில் வைத்த காகிதப்பூச் செடி ஏன் பூப்பதில்லை?

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். நர்சரியில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த காகிதப்பூச் செடி ஒன்றை வாங்கி வந்து, ஹால் ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசலும் விடுகிறேன். இரண்டே வாரத்தில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. இப்போது இலையும் நீண்ட கிளையுமாக வளர்கிறதே தவிர, பூ இல்லை. கிழக்குப் பார்த்த பால்கனி இருக்கிறது. அதைத் துணி காயவைக்கப் பயன்படுத்துகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை. நீங்கள் கொடுப்பதெல்லாம் அது தழைக்க உதவுகிறது. பூப்பதற்குத் தேவையானது வெயில், அதுதான் கிடைக்கவில்லை. துணிக்கொடியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, தொட்டியை அந்தப் பால்கனிக்குக் கொண்டுபோங்கள். உரமும் மருந்தும் அதற்குப் பிறகுதான்.

போகன்வில்லா என்கிற இந்தக் காகிதப்பூவின் இலைக்கணுவில் இருக்கும் மொட்டு ஒன்றேதான். அது முள்ளாகவும் மாறும், பூங்காம்பாகவும் மாறும். நிழலும் தாராளமான தண்ணீரும் தழைச்சத்தும் சேர்ந்தால், அந்த மொட்டு முள்ளாகி, கிளை மேலும் மேலும் நீளும். நல்ல வெயிலும் நீண்ட இரவும் கொஞ்சம் வறட்சியும் சேர்ந்தால் பூவாகும். உங்கள் செடியில் நீண்டுபோன கிளைகளை உற்றுப் பாருங்கள், இலைக்கு இலை முள் நிற்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடிக்கு மழையில் வளர்ந்து வறட்சியில் பூப்பதே இயல்பு. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில், யாரும் தினமும் தண்ணீர் ஊற்றாத இடத்தில், கோடையில் அது அப்படிப் பூத்துக் குலுங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஹாலில் வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால், அந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். நண்பகல் வெயிலின் அளவு ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னலிலிருந்து சில அடி தள்ளினால் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் தேறும். மணிபிளாண்ட்டுக்கு அது போதும். காகிதப்பூவுக்கு தினமும் ஐந்து மணி நேரமாவது நேர்வெயில் இலைமீது விழ வேண்டும். ஆறு மணி நேரம் கிடைத்தால் நிறைவு. நர்சரியில் திறந்தவெளியில் பூத்திருந்த செடி ஹாலுக்கு வந்ததும் பூவை உதிர்த்தது, வெளிச்சம் திடீரென்று குறைந்ததால்தான்.

கிழக்குப் பால்கனி அமைந்தது நல்லது. எதிரே உயரமான கட்டடம் இல்லாவிட்டால், காலை முதல் நண்பகலை ஒட்டி வெயில் கிடைக்கும். தெற்குப் பார்த்த பால்கனி உள்ளவர்களுக்கும் ஒரு விஷயம்: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே சாய்ந்துவிடும். அந்த மாதங்களில் தெற்குப் பால்கனியில் வெயில் மிகவும் குறைவு. மார்கழி, தை மாதங்களில் அதே இடம் அருமையாக இருக்கும். முடிந்தவர்கள் கோடையில் தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடலாம்.

நிழலில் வளர்ந்த இலைகள் திடீர் வெயிலில் கருகும். அதனால் முதல் நான்கைந்து நாள் காலை வெயில் ஒரு மணி நேரம் மட்டும் படட்டும். பிறகு நாளுக்கு நாள் கூட்டுங்கள். பத்து நாளில் பழகிவிடும். சில பழைய இலைகள் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். பழகியபின் தொட்டியை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள்.

புண்ணாக்குக் கரைசலை உடனே நிறுத்துங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் தழைச்சத்து. இரண்டு மாதம் எந்த உரமும் வேண்டாம். பிறகு மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நாள் கணக்கு வேண்டாம், மண்ணைத் தொட்டுப் பாருங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டால் காய்ந்திருக்க வேண்டும். அப்போது தொட்டியின் அடித்துளை வழியாக வழியும் அளவுக்கு ஊற்றி, மறுபடி காயும்வரை விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் சின்னத் தொட்டிக்குத் தினமும் தேவைப்படலாம். அடைமழை நாள்களில் ஒரு வாரம்கூடத் தேவைப்படாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால், அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால், அது தாகமல்ல. வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் ஊற்றுகிற ஒவ்வொரு குவளையும் செடியைக் கொல்லும்.

தொட்டி மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது மாற்றாதீர்கள். வேர்கள் தொட்டியை நிறைத்து நெருக்கமாக இருக்கும்போது காகிதப்பூ நன்றாகப் பூக்கும். நர்சரியில் தென்னை நார்க்கழிவில் மட்டுமே நட்டுக் கொடுத்திருந்து, அது எப்போதும் சொதசொதவென்று இருந்தால் மட்டும் மாற்றுங்கள். அப்போது இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து, ஓரளவே பெரிய மண்தொட்டியில் வையுங்கள். இதன் வேர் மெல்லியது, சட்டென்று அறுந்துவிடும். வேரைப் பிடித்திருக்கும் மண்ணை உதறாமல், அப்படியே முழுதாக இறக்க வேண்டும்.

இனி கவாத்து. புதுத் தளிரில்தான் பூ வரும். செடி வெயிலுக்குப் பழகியதும், நீண்டுபோன கிளைகளைப் பாதியாக வெட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முள் ஆழமாகக் குத்தும், பால்கனியில் விளையாடும் குழந்தைகளுக்கும் எட்டக் கூடாது. வெட்டிய இடத்துக்குக் கீழே பல தளிர்கள் கிளைக்கும். அவை விரலளவு நீண்டதும், இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு முழுதாக ஊற்றுங்கள். மூன்று நான்கு வாரம் இப்படியே செய்யுங்கள். வேர் பிடிக்காத புதுச் செடியிடம் இதைச் செய்யக் கூடாது. உங்கள் செடி தாங்கும்.

சென்னையில் இதற்கு ஏற்ற நேரம் வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பர் கடைசி. அப்போது வெட்டினால் மாசி, பங்குனியில் பூப்பார்க்கலாம். ஒரு சுற்று பூத்து உதிர்ந்ததும், அந்தக் கிளைகளின் நுனியைக் கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று வரும். இடையில் தளிர்களில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டினால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் சாய்ந்தபின் இலையின் அடிப்புறமும் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள்.